மறைக்கப்படும் பொருள்: இரண்டு பேர்

ஆனந்தபாய் யாரிடமும் கேட்காமலே அந்த வேலியைக் கட்டியிருக்கலாம். பாறசாலையிலிருந்து பொழியூர்க் கடற்கரை வரைக்கும் அந்த வருஷம் எத்தனையோ பேர் வேலி கட்டினார்கள். ஒருவரும் அனுமதி கேட்கவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனந்தபாய் கேட்டாள். அவள் காகிதத்தை நம்புகிறவள்.

நம்புவதற்குக் காரணம் இருந்தது. அவளும் கணவன் விஜயதாசும் பதினாலு வருஷம் இன்னொருவரின் தென்னந்தோப்பு மூலையில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். தோப்புக்காரரின் காரியஸ்தன் எந்தக் காலையிலும் வந்து, இடத்தைக் காலி செய் என்று சொல்லலாம் என்ற நிலை. பிறகு நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. குடிசையைச் சுற்றிய பத்து சென்ட், குடியிருப்பவர்களுக்கே சொந்தம் என்று முத்திரை குத்திய பட்டயம் ஒன்று அவள் கைக்கு வந்தது. காரியஸ்தன் அதன்பின் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஒரு தாள் ஓர் ஆளைத் தடுத்து நிறுத்துவதை ஆனந்தபாய் தன் கண்ணால் பார்த்தாள்.

விஜயதாஸ் எழுபத்து நாலில் துபாய்க்குப் போனான். வீட்டில் ஆனந்தபாயும் மகள் ஷியாமளாவும்தான். ஷியாமளாவுக்குப் பதினேழு வயது, தனுவச்சபுரத்தில் கல்லூரியில் படித்தாள்.

கிணற்றடியில் குளிப்பதற்கு ஓலையால் ஒரு மறைப்பு இருந்தது. கடல் ஒன்றரை மைல். உப்புக் காற்றும் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலமும் சேர்ந்து ஓலையை நாலு மாதத்தில் கறுக்கவைத்தன. ஐந்தாம் மாதம் தொட்டால் கையோடு வரும். அப்போதெல்லாம் வேறு ஓலை கட்டினால் போதும். எழுபத்தாறில் வீட்டு முன்னாலிருந்த பாதையை மூன்றடி உயர்த்தித் தார் போட்டு பஸ் விட்டார்கள். பஸ் ஜன்னலில் உட்கார்ந்தவனுக்கு ஆனந்தபாயின் கிணற்றடி கையெட்டும் தூரத்தில் தெரிந்தது.

ஒருநாள் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து ஒருவன், ஷியாமளாவின் காதில் விழும்படி, "இண்ணைக்குப் பச்சைத் துவர்த்தாக்கும்" என்றான். காலையில் கிணற்றடியில் அவள் கட்டியிருந்த துண்டைத்தான் சொன்னான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஷியாமளா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதித் தூரத்தை நடந்தாள். மறுநாளும் நடந்தாள். இரண்டு வாரம் கழித்து, இனிக் கல்லூரிக்கே போகமாட்டேன் என்றாள்.

விஷயத்தை ஆனந்தபாய் கடிதத்தில் எழுதினாள். விஜயதாசின் பதில் இருபத்திரண்டாம் நாள் வந்தது. 'இனி ஓலை வேண்டாம். பலகையில் செய். நல்ல மரத்தில் செய். பிள்ளை படிக்கட்டும்.'

மரவேலைக்காரர் பொன்னையன் வந்து இடத்தைப் பார்த்தார். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார்.

"ஓலைக்குப் பதிலா பலகை வச்சா காரியம் தீந்துதுன்னு நினைக்காத பிள்ளே. இது கடக்கரைக் காத்தாக்கும். இரும்பாணி அடிச்சா ஒரு மழையில துருப்பிடிச்சுப் பலகையெல்லாம் வடிஞ்சிரும். நான் மரமுளைதான் அடிப்பேன். நடுத மரக்காலை அடியில தீயில கருக்கி, முந்திரித் தோட்டு எண்ணெயில முக்கி, குழியில சல்லி போட்டு நடணும். பலகை மண்ணைத் தொடப்பிடாது. மூணு விரல் மேல நிக்கணும். தொட்டா சிதல் ஏறி அரிச்சிரும்."

"எத்தனை வருஷம் நிக்கும் அண்ணே?"

"அயனி மரத்தில செய்தா நானும் நீயும் போன பெறகும் நிக்கும். மழை ஒண்ணும் செய்யாது. மனுசன் கை வைக்காம இருந்தா சரி."

குழி தோண்டுவதற்கு முன்பு ஆனந்தபாய்க்கு ஒரு யோசனை வந்தது. ரோட்டோரமாயிற்றே, நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம், ஒரு கடலாசு இருக்கட்டும் என்று நினைத்தாள். பஞ்சாயத்தில் விசாரித்தாள். அதற்கென்று நெய்யாற்றின்கரை பக்கத்தில் தனியாக ஓர் அலுவலகம் திறந்திருப்பதாகச் சொன்னார்கள்.

அதன் பெயர் எல்லைத் தெளிவு சிறப்பு அலுவலகம். ஜனங்கள் தெளிவாபீஸ் என்றார்கள். நிலச்சீர்திருத்தத்தில் கைமாறிய நிலங்களின் எல்லைகளைத் தெளிவாக்குவது அதன் கடமை. பதினாறு பேர் வேலை செய்தார்கள். இரண்டு வருஷத்தில் ஓர் எல்லையைத் தெளிவாக்கியிருந்தார்கள். அது அந்த அலுவலகம் இருந்த வாடகை வீட்டின் எல்லை, அதன்மீதும் அப்பீல் நடந்துகொண்டிருந்தது. நெருக்கடி நிலைக் காலம் அது. முன்பெல்லாம் ஆபீசுக்குப் போனால் ஆள் இருக்காது, வேலை நடக்காது. இப்போது பத்து மணிக்கு எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. வேலையும் நடந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மனு வாங்கும் மேஜையில் சுகுமாரி என்ற கிளார்க் இருந்தாள். ஆனந்தபாயைவிட நாலைந்து வயது இளையவள். படிவத்தை அவளே நிரப்பிக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் கட்டத்தில் பேனா நின்றது.

"மறைக்கப்படும் பொருள் எது?"

"குளிக்கதுக்காக்கும்."

"குளி ஒரு பொருள் இல்ல. அது செயலாக்கும். செயலுக்கு வேலி கிடையாது. பொருளுக்குத்தான் உண்டு."

ஆனந்தபாய் யோசித்தாள். "அப்படின்னா நான்."

"நீங்க மட்டுமா?"

"மோளும் உண்டு."

சுகுமாரி எழுதினாள். 'மறைக்கப்படும் பொருள்: இரண்டு. ஆனந்தபாய், 36. ஷியாமளா, 17.' எழுதியதைப் படித்துக் காட்டினாள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆனந்தபாய் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"பட்டயத்தின் அசலை இதோட வைக்கணும்."

"நகல் போராதா?"

"நகல் வச்சா நகல் வேலிக்குத்தான் அனுமதி கிடைக்கும்" என்றாள் சுகுமாரி. அவள் சிரிக்கவில்லை. விதியில் அப்படித்தான் இருந்தது.

ஆனந்தபாய் அசலைக் கொடுத்தாள். சுகுமாரி அதில் துளைபோட்டு நூலில் கோத்தாள். கோப்பின் மேலட்டையில், 'இரண்டு பேரை மறைத்தல் தொடர்பாக' என்று தடித்த எழுத்தில் எழுதினாள்.

பத்தாம் நாள் ஸ்பெஷல் ஆபீசர் சதானந்தன் நேரில் வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, மென்மையான குரல். அவர் யாரையும் அதட்டி ஒருவரும் கேட்டதில்லை. கூடவே பியூன் ஞானசிகாமணி ஒரு ஸ்டூலைச் சுமந்துகொண்டு வந்தார். ஸ்டூலை ரோட்டில் போட்டார்கள். சதானந்தன் அதன்மேல் ஏறி நின்றார். பஸ் ஜன்னலின் உயரம் அது என்று ஏற்கெனவே கணக்காக்கியிருந்தார்கள்.

"நீங்க கிணற்றடிக்குப் போங்க" என்றார். "சாதாரணமா எப்படிக் குளிப்பீங்களோ அதுபோல நில்லுங்க. உடுப்பு மாற்றண்டாம். வாளியை மட்டும் எடுத்தாப் போதும்."

"எதுக்கு சாரே?"

"மறைவு வேணும்னு அபேக்ஷை தந்திருக்கீங்க. தெரியுதுன்னு நிரூபணமானாத்தான் மறைக்க அனுமதி தர முடியும். தெரியாத ஒண்ணை மறைக்க அரசாங்கம் எப்படி அனுமதிக்கும்? இது உங்க நன்மைக்காக்கும். நான் ஒருத்தன் இன்னைக்கு ஒழுங்கா பாத்தா, நாளைக்கு வேற ஒருத்தனும் பாக்க முடியாது."

ஆனந்தபாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். ரோட்டில் ஆள் கூடிவிட்டது. இடமும் வலமும் திரும்பச் சொன்னார் சதானந்தன். குனியச் சொன்னார். கூடியவர்களில் சிலர் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஞானசிகாமணி ஸ்டூலைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். சதானந்தன் எழுதினார். 'தலை: தெரிகிறது. தோள்: தெரிகிறது. இடுப்பு: குனிகையில் தெரிகிறது.'

எழுதி முடித்து, "ரெண்டாவது பொருள் எங்க?" என்று கேட்டார்.

ஷியாமளா வீட்டுக்குள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டிருந்தாள். ஆனந்தபாய் வாளியைக் கீழே வைத்தாள்.

"அவ வரமாட்டா சாரே."

"கட்டாயம் இல்ல" என்றார் சதானந்தன் அன்போடு. 'இரண்டாவது பொருள் ஆய்வுக்கு முன்வைக்கப்படவில்லை' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

விசாரணை முடியும்வரைக்கான தற்காலிக அனுமதி வந்தது. பொன்னையன் சொன்னபடியே செய்தார். காலைக் கருக்கினார், எண்ணெயில் முக்கினார், சல்லி போட்டு நட்டார். பலகைகளின் மேல்நுனியைத் தண்ணீர் நிற்காதபடி சரித்துச் சீவினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நூல்கூட நுழையவில்லை. முதல் மழையில் அயனிப்பலகை தேன்நிறத்திலிருந்து தவிட்டு நிறமானது, ஒரு முளைகூட அசையவில்லை.

ஷியாமளா பட்டப்பகலில் குளித்தாள். உள்ளே வாளி மோதும் சத்தமும் அவள் பாடும் சத்தமும் கேட்டன. மறுநாள் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனாள். ரோட்டில் பஸ் வரும்போது ஆனந்தபாய் வாசலில் நின்று, ஜன்னல் முகங்கள் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வதைக் கவனித்தாள். மூன்று வாரம் அப்படிப் போயிற்று.

நாலாம் வாரம் சதானந்தன் மறுபடி வந்தார். வேலியைச் சுற்றி நடந்தார். கையால் தட்டிப் பார்த்தார். பலகையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியல்லியே" என்றார்.

"அதுக்குத்தானே சாரே கட்டினது."

"நாட்டுக்காருக்குத் தெரியப்பிடாது, சரி. ஆபீசுக்கும் தெரியாம இருந்தா எப்படி? அனுமதி தந்தது ரெண்டு பேரை மறைக்கதுக்கு. உள்ள ரெண்டு பேருதான் இருக்காவுளா, மூணு பேரு உண்டா, ஒருத்தரும் இல்லியா, ஆபீசுக்கு எப்படித் தெரியும்? நான் உங்களை அவிசுவாசிக்கல்ல. ஆனா எனக்கு நம்பதுக்கு அதிகாரம் கிடையாது. பாக்கதுக்குத்தான் உண்டு."

ஆகவே ஒரு துவாரம் போட உத்தரவாயிற்று. ஆறங்குல நீளம், ஆறங்குல அகலம், நின்றவன் கண்ணுயரத்தில். அதற்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. சாவி ஆபீசில் இருக்கும். பொன்னையன் உளியை எடுக்க மறுத்தார்.

"பலகையை நடுவில வெட்டினா மழைத்தண்ணி உள்ளே ஏறும் சாரே. அழுகிப்போவும்."

"அழுகினா பராமரிப்புக் குறைவுன்னு நோட்டீஸ் வரும். அது வேற பிரிவு" என்றார் சதானந்தன். ஆபீஸ் ஆளே வந்து துவாரத்தை வெட்டினான். மூடியை இரும்பாணியில் அடித்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஞானசிகாமணி ஸ்டூலோடு வந்து துவாரத்தின் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்தார். இடுப்பில் சாவி தொங்கியது. மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவர் அவர். வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டையே பார்த்தபடி ஐந்து மணிவரை இருந்தார். ஆனந்தபாய் அவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள்.

"நான் திறக்கமாட்டேன் பிள்ளே" என்றார் மெதுவாக. "ஆனா ஒருமணிக்கு ஒருக்க பாத்தேன்னு புக்கில எழுதணும். எழுதுதேன். பாக்காம எழுதுதேன்."

"என்னன்னு எழுதுதிய?"

"'பொருள்கள் இருப்பு சரி'ன்னு."

ஷியாமளா கிணற்றடிக்குப் போவதை நிறுத்தினாள். பூட்டிய துவாரத்துக்கு உள்பக்கமிருந்து அவள் தன் பழைய பாவாடை ஒன்றைத் திணித்து வைத்தாள். அந்தத் திங்கட்கிழமை கல்லூரிக்கும் போகவில்லை. கேட்டதற்கு, "அந்த ஆளு பாக்கல்லன்னு எனக்கும் தெரியும் அம்மா. ஆனா பாக்கலாம்னு ஒரு ஆபீஸ் சொல்லியிருக்கு, இல்லியா" என்றாள்.

விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது. ஆனந்தபாய் தனியாகப் போனாள். சதானந்தன் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். அதன் நடுவில் அவளுடைய பட்டயம் நூலில் கோத்துக் கிடந்தது. கைநீட்டினால் எடுத்துவிடலாம்.

"ரெண்டாவது பொருள் வரல்லியா?"

"படிக்கா சாரே."

"கல்லூரிக்குப் போகல்லன்னு ரிப்போர்ட் இருக்கு. சரி, இருக்கட்டும்." அவர் ஒரு தாளைப் புரட்டினார். "உங்க வீட்டுக்கு மண்சுவர். ஓலைக்கூரை. ஆமாவா?"

"ஆமா சாரே."

"வேலி அயனிப்பலகை. மரமுளை. முந்திரித் தோட்டு எண்ணெய். வேலி வீட்டைவிட உறுதி. இத்தனை வருஷ சர்வீசில இப்படி ஒரு சொத்தை நான் பாத்ததில்ல. எந்தச் சொத்திலும் உறுதியான கட்டிடம் எதுவோ அதுதான் வீடு. அப்படிப் பாத்தா உங்க வேலிதான் வீடு. இப்ப நீங்க வீடுன்னு சொல்லுதது, வேலிக்கு வெளியே கிடக்க ஒரு ஷெட்டு. பத்து சென்ட் தந்தது குடிசையில இருக்கவளுக்கு. அயனிமர வீட்டுக்காரிக்கு அது கிடையாது. அந்த வீட்டுக்குக் கூரையும் இல்ல, அதனால அதில ஒருத்தரும் குடியிருக்கவும் முடியாது. குடியிருக்காத ஆளுக்கு எப்படிப் பட்டயம்?"

அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். குரல் உயரவே இல்லை.

"நான் அங்கதானே இருக்கேன் சாரே. இருபது வருசமாட்டு."

"இருக்கீங்க. ஞானசிகாமணி தினமும் ஆறேழு தடவை எழுதியிருக்கார். ஆனா வேலிக்குள்ள இருக்கீங்கன்னு எழுதியிருக்கார்." பட்டயத்தை ரத்து செய்யாமலிருக்கக் காரணம் காட்டும்படி பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார். "இதில எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் கிடையாது. நான் உங்களை அங்க வந்து கண்டது ரெண்டு தடவை. அதுவும் ரோட்டில நின்னு."

பஸ்ஸில் திரும்பும்போது ஆனந்தபாய்க்குக் காரியஸ்தனின் முகம் நினைவுக்கு வந்தது. அவனிடம் பயந்தபோது ஓடிப்போய்ச் சொல்ல ஓர் அரசாங்கம் இருந்தது. விஜயதாசுக்கு எழுதலாம், பதில் வர இருபத்திரண்டு நாள் ஆகும், அவகாசமோ பதினைந்து நாள். வந்துசேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. துவாரத்து ஆணிகளிலிருந்து துரு இறங்கி, வேலியின் நடுவில் இரண்டு செங்கோடுகள் விழுந்திருந்தன.

அவள் பொன்னையனை வரவழைத்தாள். "பிரிச்சிருங்க அண்ணே" என்றாள். "வீட்டைவிட நல்லா இருக்குன்னுதானே பிரச்சினை. அது வேண்டாம்."

மரமுளைகளைத் தட்டியெடுத்து, ஒரு பலகையும் பிளக்காமல், அரை நாளில் பொன்னையன் வேலியைக் கழற்றினார். ஞானசிகாமணி ரோட்டிலிருந்து எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றித் தெளிவாபீஸ் முற்றத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள்.

"இதுதான் வேலி. எடுத்துக்கிடுங்க சாரே" என்றாள் ஆனந்தபாய். "எனக்க பட்டயத்தைத் தாருங்க."

சதானந்தன் பலகைகளை எண்ணச் செய்து ரசீது கொடுத்தார். "வேலி இப்ப ஆபீஸ் கஸ்டடியில். கோப்பு வேலியைப் பற்றினது. பட்டயம் கோப்புக்குள்ள. இனி இந்தக் கோப்பை ஆபீசுக்கு எதிரா ஆபீசே நடத்தணும். ரெண்டு வருஷம் ஆவும். நீங்க போய்ச் சமாதானமா இருங்க."

ஆனந்தபாய் போகவில்லை. பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகச் சதானந்தனின் மேஜை நேராகத் தெரிந்தது. ஐந்து மணிவரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பத்து மணிக்கு வந்து அதே இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

அவள் கண்ணை எடுக்கவே இல்லை. முதல்நாள் சதானந்தன் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் நாள் இரண்டு தடவை பேனாவைக் கீழே போட்டார். மூன்றாம் நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், ஆனால் முதுகை அடிக்கடி தேய்த்துக்கொண்டார். அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

நாலாம் நாள் அதியன்னூரிலிருந்து நேசம் என்ற விதவை வந்தாள். வரப்பில் ஒரு கல் நடுவதற்கு அனுமதி கேட்டு ஒன்றரை வருஷத்துக்கு முன் பட்டயத்தைக் கொடுத்தவள். ஆனந்தபாயைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "தள்ளி இரி பிள்ளே" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். வார இறுதிக்குள் பதினாலு பெண்கள் ஆனார்கள். பெரும்பாலும் புருஷன் கடலுக்கப்பால் இருப்பவர்கள். மழை தூறும்போது குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

சதானந்தன் வராந்தாவுக்கு வந்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் சாரே" என்றாள் நேசம். "பாத்துட்டு இரிக்கோம்."

"ஆபீசை அப்படிப் பாக்கப்பிடாது."

"பாக்கப்பிடாதுன்னு ரூல் உண்டா சாரே?" என்று ஆனந்தபாய் கேட்டாள். உண்மையில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் உள்ளே போய் விதிப்புத்தகத்தை எடுத்தார். ஆபீஸ் எதையெல்லாம் பார்க்கலாம் என்று நாற்பது பக்கம் இருந்தது. ஆபீசை யார் பார்க்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் போலீஸ் ஜீப் வந்து கேட்டில் நின்றது. இறங்கிய இரண்டு பேர் லத்தியை விரலால் உருட்டியபடி பெண்களைச் சுற்றி நடந்தார்கள். ஒவ்வொருவரிடமும் பெயரும் ஊரும் கேட்டு நோட்டில் எழுதினார்கள். எதற்கு எழுதுகிறார்கள் என்று சொல்லவில்லை. அந்த வருஷத்தில் அப்படி எழுதப்பட்ட சில பெயர்கள் பிறகு வீடு திரும்பவில்லை என்று எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள். ஆனந்தபாய் நேசத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவரும் எழுந்துபோகவில்லை. ஜீப் மாலைவரை எஞ்சினை அணைப்பதும் போடுவதுமாக நின்றுவிட்டுப் போயிற்று.

சதானந்தன் பொன்னையனைக் கூப்பிட்டு அனுப்பினார். முற்றத்தில் கிடக்கும் பலகைகளை வராந்தாவுக்கு முன்னால் வேலியாக நடச்சொன்னார்.

"நடலாம் சாரே" என்றார் பொன்னையன். "அனுமதிக் கடலாசைத் தாருங்க. எனக்குப் பயமாட்டு இருக்கு."

சதானந்தன் நேர்மையானவர். விதியை மீறி ஒரு முளைகூட அடிக்கச் சொல்லமாட்டார். சுகுமாரியிடம் படிவம் கேட்டார். அவள் கொண்டுவந்து வைத்தாள். தாமே நிரப்பினார். எட்டாம் கட்டம்வரை வேகமாகப் போயிற்று. பிறகு பேனா நின்றது. சுகுமாரி பக்கத்தில் காத்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெயரும் வயசும் எழுதணும் சார்" என்றாள் சுகுமாரி. "பொருள் ஆய்வுக்கும் வரணும். முற்றத்தில நின்னாப் போதும்."

அவர் பேனாவை மூடினார். தலைவலி என்று சொல்லிப் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனார். மூன்று மணிக்கு அவரிடமிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. முற்றத்தில் இருப்பவர்களின் கோப்புகளை 'தவறுதலாகத் திறக்கப்பட்டவை' என்று முடித்துவிடலாம் என எழுதியிருந்தது. சுகுமாரி கத்தரிக்கோலை எடுத்து நூல்களை வெட்டினாள். ஒவ்வொரு பட்டயமாகப் பெயர் சொல்லிக் கொடுத்தாள். ஆனந்தபாயிடம் கொடுக்கும்போது, "அக்கா, இனி இதை ஒருத்தரிட்டயும் குடுக்காதீங்க. எனக்கிட்டயும்" என்றாள்.

ஆனந்தபாய் யாரையும் கேட்காமல் கிணற்றடியில் மண்கட்டையால் ஒரு குளிமுறி கட்டினாள். அதன் சுவர் வீட்டுச் சுவரைவிட மோசமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பொன்னையனுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஷியாமளா மறுபடி பஸ்ஸில் போனாள். ஒரு வருஷப் படிப்பு போயிருந்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் ஒரு லாரி அந்த ரோட்டில் வந்து நின்றது. மேஜை, நாற்காலி, கட்டுக்கட்டாகக் கோப்பு, அடியில் அயனிப்பலகைகள். முன்னால் உட்கார்ந்திருந்த ஞானசிகாமணி ஸ்டூலைத் திரும்பக் கேட்டு இறங்கினார். அது ஆனந்தபாயின் வாசலிலேயே கிடந்தது.

"ஆபீசை ஒற்றசேகரமங்கலத்துக்கு மாத்தியாச்சு" என்றார். "சாருக்குப் பிரமோஷன். இங்க அனுபவம் கிடைச்சுதுல்லா, அங்க முற்றம் இல்லாத வீடாட்டு பாத்து எடுத்திருக்காவ. ஜன்னலும் கிடையாது."

ஆனந்தபாய்க்கு அன்று முழுதும் வேலை ஓடவில்லை. திங்கட்கிழமை ஷியாமளாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஒற்றசேகரமங்கலம் போனாள். ஆபீசைத் தேடவேண்டியிருக்கவில்லை. வரிசை ரோடுவரைக்கும் நீண்டிருந்தது. அறுபது பேருக்கு மேல் இருக்கும். எல்லாருடைய கையிலும் மடித்த பட்டயம். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டு, கொடுத்த நிம்மதியோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

வரிசையின் கடைசியில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். ஆனந்தபாய் அவள் பக்கத்தில் போய், "கடலாசைக் குடுக்காதே மக்கா. கொண்டு வீட்டுக்குப் போ" என்றாள்.

அந்தப் பெண் பட்டயத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எந்த ஆபீஸ்?"

"ஆபீஸ் ஒண்ணும் இல்ல."

"அப்பம் தள்ளி நில்லுங்க" என்றாள் அவள். வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.